டிஸ்க் ஒப்பரேசனுக்குப் பிறகு நாரி நோ திரும்பினால்: அறிகுறியை வைத்துக் காரணம் தேடுதல்

நாரியில் டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் உள்ள மெத்தை) ஒப்பரேசன் செய்து வீடு திரும்பியவருக்கு மறுபடி நோ தொடங்கினால் ஊரில் இரண்டு பேச்சுத்தான் கிடைக்கும். ஒன்று, "ஒப்பரேசன் பிழைச்சுப் போச்சு". மற்றது, "நாரி வெட்டினா அப்பிடித்தான், பொறுத்துக்கொள்". இரண்டுமே காரணத்தைத் தேடாத பேச்சு. திரும்பி வரும் நோவுக்குக் காரணங்கள் பல. சிலதை மணித்தியாலக் கணக்கில் பார்க்க வேண்டும். சிலதுக்கு நடையையும் பொறுமையையும் விடப் பெரிய மருந்தில்லை. சிலது நாரியில் தொடங்குவதே இல்லை.

பிரித்தறிய, ஸ்கானுக்கு முன்னமே மூன்று கேள்விகள் உதவும். ஒப்பரேசன் முடிந்து எவ்வளவு காலத்தில் தொடங்கியது? உடம்பில் எந்தப் பாதையில் ஓடுகிறது? எப்படி இருந்தால் கூடுகிறது, எப்படி இருந்தால் குறைகிறது? கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "நோகுது டொக்டர்" என்று மட்டும் சொன்னால் அந்த நிமிடங்கள் கேள்வி கேட்பதிலேயே போய்விடும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் எல்-4/எல்-5 அல்லது எல்-5/எஸ்-1 மட்டத்தில் (நாரியின் அடியில் உள்ள கடைசி இரண்டு டிஸ்க்குகள்), பிதுங்கிய டிஸ்க் துண்டை மட்டும் எடுத்தவர்களுக்கானவை. இந்த ஒப்பரேசன் நரம்பை அழுத்திய துண்டை அகற்றுகிறது. தேய்ந்த டிஸ்க்கைப் புதிதாக்குவதில்லை. ஆகவே காலுக்கு ஓடிய நோ குறைவதுதான் அதன் முதல் பலன். நாரி உளைவும் அதே அளவுக்குக் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. கால் நோ போய் நாரியில் கொஞ்சம் உளைவு மிஞ்சினால் ஒப்பரேசன் தோற்றதாகக் கணக்கில்லை.

இவை இருந்தால் மிச்சத்தை வாசிக்க வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்

மலவாசலைச் சுற்றியும் பிறப்புறுப்பிலும் உள்தொடையிலும் விறைத்துப் போதல். சலம் முட்டியும் வெளிவராமல் நிற்றல், அல்லது தெரியாமலே சலமோ மலமோ போதல். இரண்டு கால்களும் ஒன்றாகப் பலமிழத்தல். இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும், முள்ளந்தண்டின் அடியில் கற்றையாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசிபடுவதாகவே எடுக்க வேண்டும். இதில் அழுத்தத்தை எவ்வளவு விரைவில் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. 48 மணித்தியாலம் தாண்டினால் சலமும் மலமும் பழையபடி கட்டுப்பாட்டுக்குள் வரும் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும். வெட்கத்தில் மறைக்கிற அறிகுறி இது. மலசலகூடத்தில் கழுவும்போது கை படுவது இரண்டு பக்கமும் வழமைபோலத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வழியே ஏறத்தாழ 65 கிலோமீற்றர்; முல்லைத்தீவுக் கரையில் இருந்து 100ஐத் தாண்டும். எனவே "விடியட்டும், கிளினிக் நாளில் காட்டுவம்" என்பது இந்த அறிகுறிக்குச் சரிவராது. இரவென்றாலும் மாவட்ட வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மேலிடத்துக்கு மாற்றும் வேலையை அவர்கள் பார்ப்பார்கள்.

இன்னும் மூன்று: பாதம் புதிதாகத் தொங்கி, நடக்கும்போது செருப்பு கழன்று போவது; காயத்தில் இருந்து தண்ணீர் போலவோ சிதழாகவோ வடிவது, கூடவே நடுக்கக் காய்ச்சல்; ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோவது. கடைசியாகச் சொன்னதை டிஸ்க் நோ என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவவே கூடாது. அது நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். உருவினால் கட்டி கழன்று நெஞ்சுக்குப் போகலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

எப்போது தொடங்கியது?

ஆரம்பத்தில் இரண்டு தொடக்கம் ஆறு கிழமை வரை காயத்தைச் சுற்றி உளைவும் பிடிப்பும் இருப்பது இயல்பு. காலில் இடைக்கிடை மின்னல் போல இழுப்பதும் இருக்கும். நசிபட்டுக் கிடந்த நரம்பு ஒரே நாளில் அடங்காது. நரம்பு திரும்புவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நோ குறையும், பிறகு பலம் வரும், விறைப்பு கடைசியில் போகும். பெருவிரலில் விறைப்பு ஆறு மாதம், ஒரு வருடம் கூட நிற்கலாம். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடும். விறைப்பு மட்டும் மிஞ்சி, அது கூடாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஒப்பரேசன் முடிந்து கண் விழித்ததில் இருந்தே பழைய நோ அப்படியே இருந்தால் ஒரு வகை. நன்றாக இருந்து, ஒன்றிலிருந்து நான்கு கிழமைக்குள் தாங்க முடியாத நாரி நோ புதிதாக வந்தால் வேறு வகை; அங்கே முதலில் கிருமித்தொற்றைத் தேட வேண்டும். சில மாதம் சுகமாக இருந்து ஒரு நாள் திடீரென்று வந்தால் டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்கலாம். சில மாதத்தில் மெல்ல மெல்லக் கூடினால் உள்தழும்பை நினைக்க வேண்டும். பல வருடம் கழித்து வந்தால் அடுத்த மட்டத்து டிஸ்க், மூட்டுத் தேய்வு, நரம்புக் குழாய் (முள்ளந்தண்டுக்குள் நரம்புகள் இறங்கும் வழி) ஒடுங்கல் என்று பட்டியல் மாறும். ஆணியும் தகடும் பூட்டி இரண்டு எலும்பை இணைத்தவர்களுக்கு இந்தக் கடைசி வகை கூடுதலாக வரும். அசையாத மட்டத்தின் வேலையையும் மேலே கீழே உள்ள மட்டங்களே செய்ய வேண்டியிருப்பதுதான் காரணம்.

"பழைய இழுப்பு அதே காலில திரும்ப வந்திட்டுது"

குனிந்து எதையோ தூக்கியபோதோ, பலமாகத் தும்மியபோதோ தொடங்கி, பழைய பாதையிலேயே முழங்காலுக்குக் கீழ்வரை ஓடுகிறது, இருமினால் வெட்டுகிறது, இருந்தால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது. இது டிஸ்க் அதே இடத்தில் மறுபடி பிதுங்கியதன் அடையாளம். ஒப்பரேசன் செய்த 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு இது நேர்வதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. டிஸ்க்கின் வெளி வளையத்தில் ஏற்பட்ட ஓட்டை இறுக்கமாக மூடுவதில்லை. உள்ளே மிஞ்சிய கூழ்ப்பகுதி அந்த வழியாகவே வெளியே வரும். புகைப்பவர்களுக்கும் ஆரம்பத்திலேயே பாரம் தூக்கியவர்களுக்கும் ஆபத்து கூட.

எந்த நரம்பு என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

எல்-5 நரம்பு: கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்கம், புறங்கால், பெருவிரல். குதிக்காலில் மட்டும் நின்று பத்து அடி நடந்து பாருங்கள். பாதத்தின் முன்பகுதி தாழ்ந்து நிலத்தில் தட்டினால் பலம் குறைந்திருக்கிறது.

எஸ்-1 நரம்பு: கெண்டைக்காலின் பின்பக்கம், குதிக்கால், சின்னவிரல். சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று, விரல் நுனியில் பத்துத் தரம் எழும்பிப் பாருங்கள். நல்ல கால் பத்தும் செய்து, மற்றது மூன்று நான்கில் நின்றுவிட்டால் குறித்து வையுங்கள்.

எல்-4 நரம்பு: தொடையின் முன்பக்கம், முழங்காலின் உட்புறத்தில் இருந்து கீழே. படி ஏறும்போது முழங்கால் மடங்கி விழப் பார்க்கும்.

பலம் குறையாமல் நோ மட்டும் என்றால் உடனே ஒப்பரேசன் என்று ஓட வேண்டியதில்லை. பிதுங்கிய துண்டு சுருங்குவதும் உண்டு. ஆறு கிழமை வரை மருந்து, நடை, பிசியோதெரபி என்று பார்ப்பது வழக்கம். முதல் இரண்டு மூன்று நாள் தவிரப் படுக்கையிலேயே கிடப்பது நன்மையை விடத் தீமையே செய்யும். பலம் நாளுக்கு நாள் குறைந்தால் இந்த ஆறு கிழமைக் கணக்குப் பொருந்தாது. அதே கிழமையில் நிபுணரிடம் போக வேண்டும், பாதம் தொங்கினால் அன்றே.

இரண்டாம் தரம் அதே துண்டை எடுக்கும் ஒப்பரேசனும் பெரும்பாலும் நல்ல பலன் தரும். ஆனால் பழைய தழும்புக்குள் வெட்டுவதால் நரம்புறை கிழியும் ஆபத்து முதல் தரத்தை விடக் கூட. மூன்றாம் தரம் வந்தாலோ, எலும்பு முன்பின் நகர்வது தெரிந்தாலோ இணைக்கும் ஒப்பரேசனைப் பற்றிப் பேசுவார்கள்.

"மெல்ல மெல்ல எரியுது, விறைக்குது, எந்தப் பக்கம் கிடந்தாலும் போகுதில்ல"

சில மாதம் நல்ல சுகம், பிறகு காலில் எரிவும் ஊசி குத்துவது போலவும். தூக்கியது, தும்மியது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை. ஒப்பரேசன் செய்த எல்லோருக்கும் நரம்பைச் சுற்றி உள்ளே தழும்பு விழும். எல்லோருக்கும் அது நோவாவதில்லை. நரம்பு தழும்பில் ஒட்டிக்கொண்டால், காலை நீட்டி முன்னால் குனியும்போது அது வழுக்கி நகர இடமில்லாமல் இழுபடும்.

தழும்பை வெட்டி எடுத்தால் வெட்டிய இடத்தில் புதுத் தழும்புதான் வரும். தழும்பு மட்டுமே காரணம் என்றால் இரண்டாம் ஒப்பரேசனுக்கு அவசரப்படாதீர்கள். இங்கே வேலை செய்வது நரம்பு நோவுக்கான குளிசைகள்: அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபலின். பனடோல் போல நோகும்போது மட்டும் போட்டால் இவை பலிக்காது. குறைந்த அளவில் தொடங்கி, நாளாந்தம் எடுத்து, மெல்லக் கூட்டி, சில கிழமை கழித்தே பலன் பார்க்கலாம். தொடக்கத்தில் தூக்கமும் தலைச்சுற்றும் வரும். அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளும் உழவு மிசினும் வேண்டாம். சுகம் வந்ததென்று சடுதியாக நிறுத்தவும் கூடாது. மருந்தோடு சேர்த்து, நரம்பை மெல்ல அசைத்துவிடும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் காட்டித்தர வேண்டும். படத்தைப் பார்த்துச் செய்து கூட இழுத்தால் எரிவு கூடும்.

"இரவில படுக்க விடுகுதில்ல, திரும்பினா உயிர் போகுது"

ஒப்பரேசன் முடிந்து இரண்டு மூன்று கிழமை. கால் சுகம், காயமும் ஆறியிருக்கிறது. ஆனால் நாரியில், கட்டிலை யாராவது தட்டினாலே துடிக்கிற நோ. இது டிஸ்க் இடைவெளிக்குள் கிருமித்தொற்று. அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது. காய்ச்சல் இல்லாததாலும் மேற்காயம் சுத்தமாக இருப்பதாலும் பலர் ஏமாந்து போகிறார்கள்.

உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சீ.ஆர்.பி.யையும் ஈ.எஸ்.ஆரையும் இரத்தத்தில் பார்க்கக் கேளுங்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு சீ.ஆர்.பி. இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய், இரண்டு கிழமைக்குள் இறங்கிவிட வேண்டும். ஈ.எஸ்.ஆர். இறங்க ஆறு கிழமை வரை எடுக்கும். மூன்றாம் கிழமையில் சீ.ஆர்.பி. மறுபடி ஏறியிருந்தால் அதற்கு விடை தேட வேண்டும். பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அது தெரியாமல் மறைத்துவிடும். முதலில் இரத்தம் கொடுங்கள், மருந்து பிறகு. சரியான மருந்து தொடங்கினால் ஊசியும் குளிசையுமாக ஏறத்தாழ ஆறு கிழமை போகும்.

நீரிழிவு உள்ள கமக்காரர் என்றால் அதை டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். வயல் மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி இலங்கையில் உண்டு. அது முள்ளந்தண்டிலும் போய் இருக்கும். வழமையான அன்டிபயோட்டிக்குகள் பலவற்றுக்கு மசியாது, மாதக் கணக்கில் மருந்து கேட்கும். பல கிழமையாகப் பின்னேரக் காய்ச்சல், இரவில் வேர்வை, உடம்பு மெலிதல் என்றால் காசநோயையும் தேடுவார்கள்.

"காய்ச்சலும் நாரி நோவும் ஒண்டா வந்தது"

கார்த்திகை, மார்கழி, தை. காலபோக வயலில் தண்ணீர் நிற்கும் காலம். இந்த மாதங்களில் காய்ச்சலோடு நாரியும் கெண்டைக்காலும் நொந்தால் டிஸ்க் என்று முடிவுகட்ட வேண்டாம். எலிக்காய்ச்சலில் கெண்டைக்காலை அமத்தினாலே நோகும், கண் சிவக்கும்; டிஸ்க் நோவில் தசையை அமத்தி அப்படி நோகாது. 2024 டிசம்பரில் வடக்கில் எலிக்காய்ச்சல் உயிர்களை எடுத்தது. டெங்கும் நாரியை முறிப்பது போல நோக வைக்கும். காய்ச்சல் உள்ள நாட்களில் டைக்லோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தப்போக்கைக் கூட்டும். பனடோலோடு நிறுத்திக்கொண்டு இரத்தம் சோதியுங்கள்.

"எழும்பி இருந்தா தலை வெடிக்குது, படுத்தா போகுது"

முதல் நாட்களில் இது வந்தால் நரம்புறையில் சிறு கிழிசல் வழியே தண்டுவடத் திரவம் கசிகிறது. பெரும்பாலும் சில நாள் மட்டமாகப் படுத்திருந்து, தண்ணீர் நன்றாகக் குடித்தால் அடங்கும். காயத்துணி தண்ணீராக நனைந்தாலோ, கழுத்து விறைத்தாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

"கால் சுகம். நாரிதான்"

அதிகமானோர் இந்த வகைதான்.

நிமிர்ந்து பின்னால் வளைந்தாலோ நெடுநேரம் நின்றாலோ கூடுகிறது, முன்னால் சாய்ந்தால் குறைகிறது என்றால் முள்ளந்தண்டின் பின்பக்கச் சிறு மூட்டுகளைச் சந்தேகிக்கலாம். டிஸ்க் உயரம் குறைந்ததும் பாரம் பின்னால் போய் அந்த மூட்டுகளில் விழும்.

"எங்கே நோ?" என்றால் ஒரே விரலால், பட்டி கட்டும் இடத்துக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொட்டுக் காட்டுகிறார், பாயில் புரளும்போதும், கதிரையில் இருந்து எழும்பும்போதும், ஒற்றைக்காலில் நின்று சாரம் மாற்றும்போதும் வெட்டுகிறது. இது இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் சேரும் மூட்டு. ஒரு காலின் நீளம் குறைந்தவர்களுக்கும் செயற்கைக் கால் போட்டவர்களுக்கும் அந்த மூட்டில் பாரம் கோணலாக விழும். வன்னியில் அப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். பொய்க்காலின் உயரமும் பிடியும் சரிதானா என்று பார்க்காமல் நாரிக்கு மட்டும் மருந்து போட்டுப் பலனில்லை.

அரையில், கவட்டுப் பக்கம் நோ; சம்மணம் கட்ட முடியவில்லை; மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. இது இடுப்பு மூட்டுத் தேய்வு. நாரி எக்ஸ்ரே எத்தனை எடுத்தாலும் இதில் விடை வராது.

விலாவுக்குக் கீழே தொடங்கி அரைக்கு இறங்கி, எந்த நிலையிலும் இருக்க முடியாமல் நிலத்தில் உருள வைக்கிற நோ சிறுநீரகக் கல்லாக இருக்கும். டிஸ்க்காரர் அசையப் பயந்து ஒரே நிலையில் கிடப்பார். இந்த ஒரு வித்தியாசமே போதும்.

இவை எதுவும் பொருந்தாமல் நாள் முடிவில் உளைவு, காலையில் கொஞ்சம் பிடிப்பு, நடந்தால் இலேசு என்றால் தசை பலமிழந்ததுதான். ஒப்பரேசனுக்கு முன் மாதக் கணக்கில் நோவோடு கிடந்ததிலும், பிறகு பயத்தில் அசையாமல் இருந்ததிலும் முள்ளந்தண்டை ஒட்டிய தசைகள் மெலிந்துபோகும். நாரிப் பட்டி பயணத்துக்கும் முதல் சில கிழமைக்கும் உதவும்; தசையின் வேலையை அது நிரந்தரமாகச் செய்யாது. காலையும் மாலையும் பத்து நிமிட நடையில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, வயிற்றை உள்ளிழுத்து, இடுப்பைத் தூக்கி ஐந்து செக்கன் பிடித்து இறக்குவது பத்துத் தரம். நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பிடிப்பது பக்கத்துக்கு ஐந்து தரம். பயிற்சி சரியா என்று அறிய ஒரு விதி: காலில் இருந்த நோ மேலே ஏறி நாரிக்குள் ஒதுங்கினால் நல்லது, தொடரலாம். நாரியில் இருந்து காலுக்குக் கீழே இறங்கினால் நிறுத்துங்கள். பயிற்சியால் கூடிய நோ மறுநாளும் குறையாவிட்டால் அளவு கூடிப்போயிற்று.

எண்ணெய் பூசித் தோலளவில் தடவுவதில் கெடுதியில்லை. ஒப்பரேசன் செய்த நாரியில் ஏறி மிதிப்பது, "தட்டி எடுக்கிறன்" என்று முறுக்குவது, இவற்றுக்கு எந்தக் கைராசிக்காரரிடமும் இடம் கொடுக்காதீர்கள். ஒத்தடமும் விறைத்த இடத்தில் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

"நடந்தா கால் கனக்குது, நிண்டு குனிஞ்சா சரியாகுது"

வயது கூடியவர்களில், பெரும்பாலும் ஒப்பரேசன் செய்து பல வருடம் கழித்து. சந்திவரை நடக்க இரண்டு கெண்டைக்காலும் கனத்து விறைக்கிறது. மதகில் இருந்தால் சில நிமிடத்தில் போகிறது. சைக்கிளில் முன்னால் சாய்ந்து எவ்வளவு தூரமும் போக முடிகிறது. இது நரம்புக் குழாய் ஒடுங்கியது. சைக்கிள் ஓடினாலும் கெண்டைக்கால் நொந்து, குனியாமல் வெறுமனே நின்றாலே சரியானால் காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம்; நீரிழிவுக்காரரும் புகைப்பவரும் பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"ஒப்பரேசன் செய்தும் ஒரு நாளும் சுகம் வரேல்ல"

ஒரு துண்டு உள்ளே மிஞ்சியிருக்கலாம். மட்டம் தவறியிருக்கலாம். நோ முதலில் இருந்தே டிஸ்க்கில் இல்லாமல் இடுப்பு மூட்டில் இருந்திருக்கலாம். அல்லது நரம்பு நெடுங்காலம் நசிபட்டு, அழுத்தம் போன பிறகும் தானாக நோவை அனுப்பிக்கொண்டிருக்கலாம். மாதக் கணக்கில் தாங்கிவிட்டுப் பிந்திச் செய்தவர்களுக்கு இது நேரும். இந்த நிலையில் கோபத்தில் வேறொரு டொக்டரைச் சனல் பண்ணிப் புதிதாகத் தொடங்குவதை விட, ஒப்பரேசனுக்கு முந்திய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது பலனுள்ளது. இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில் தவறில்லை. பழைய கடதாசி இல்லாமல் கேட்பதுதான் வீண்.

குளிசையும் சிறுநீரகமும்

டைக்லோபெனக், இபுபுரூபன் வகைக் குளிசைகள் நாரிக்கு நன்றாகக் கேட்கும், அதுவே சிக்கல். வவுனியா மாவட்டத்திலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக வருத்தம் உள்ளது. அது முற்றும்வரை அறிகுறி காட்டாது. வெயிலில் வேர்த்து, தண்ணீர் குறையக் குடித்து, பின்னேரம் இந்தக் குளிசையும் போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. கிழமைக் கணக்கில் எடுக்க வேண்டி வந்தால் முதலில் இரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் பாருங்கள். வயிற்றுப்புண், உயர் அழுத்தம், இதய வருத்தம் உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கபாபென்டினும் பிரிகபலினும் சிறுநீரகத்தாலேயே வெளியேறுகின்றன. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

பனடோல் 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவரும், குடிப்பழக்கமோ ஈரல் வருத்தமோ உள்ளவரும் அதைவிடக் குறைவாக எடுக்க வேண்டும். பெயர் எழுதாத உறையில் கலந்து கட்டித் தரும் குளிசை இரண்டே நாளில் நோவைப் பறக்கவைத்தால் சந்தோசப்பட வேண்டாம். உள்ளே ஸ்டீரொயிட் இருக்கலாம். அது சீனியை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், தொற்றை மூடி மறைக்கும்.

ஸ்கான் எடுக்கும் முன்

முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் எம்.ஆர்.ஐ. குழப்பும், ஆறிக்கொண்டிருக்கும் தசையும் வீக்கமும் டிஸ்க் துண்டு போலவே தெரியும். அவசர அறிகுறியோ தொற்றுச் சந்தேகமோ இருந்தால் மட்டும் அப்போதும் எடுப்பார்கள். பிறகு எடுக்கும்போது மருந்து ஏற்றி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஏற்றும் கடோலினியம் தழும்பில் ஊறி அதை வெளிச்சமாக்கும். டிஸ்க் துண்டின் நடுப்பகுதி இருளாகவே நிற்கும். இரண்டையும் பிரிக்க இதுவே நல்ல வழி. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த மருந்து ஆபத்தாகலாம் என்பதால் இங்கேயும் கிரியட்டினின் முதலில்.

வன்னியில் இன்னொரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்லியே ஆக வேண்டும்: உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா? 2009இல் முடிந்த போரில் காயப்பட்டு, துண்டை எடுக்காமலே விட்டவர்கள் இங்கே பலர். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். கண்ணிலும் தண்டுவடத்துக்குப் பக்கத்திலும் இருந்தால் அது பெரிய ஆபத்து. "பழைய காயம்தானே" என்று படிவத்தில் இல்லை என்று எழுதாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்த்து, எம்.ஆர்.ஐ. கூடாதென்றால் சீ.ரி. ஸ்கானுக்கு மாறுவார்கள். ஒப்பரேசனில் பூட்டிய டைட்டேனியம் ஆணிக்கு இந்தப் பயம் இல்லை. படம் மட்டும் அந்த இடத்தில் மங்கும்.

அறிக்கையில் "டிஸ்க் பிதுக்கம்" என்று கண்டதும் மனம் உடைய வேண்டாம். சுகமாக நடமாடும் பலருடைய படத்திலும் அது இருக்கும். நோ ஓடும் பக்கமும் நரம்பும் படத்தில் உள்ள பக்கத்தோடும் மட்டத்தோடும் பொருந்தினால்தான் அது காரணம்.

வேலைக்குத் திரும்பும்போது எங்கே பிழைக்கிறது

உங்கள் நிபுணர் சொன்ன கணக்குத்தான் முதல். அவர் தனியாகச் சொல்லாவிட்டால் பொதுவான கணக்கு இது: ஆறு கிழமை வரை 3 முதல் 5 கிலோவுக்கு மேல் தூக்குவதில்லை, குனிந்து முறுகுவதில்லை. மூன்று மாதம் வரை மெல்ல 10 கிலோ. மூன்று மாதம் தாண்டித்தான் வயல் வேலை, அதுவும் படிப்படியாக.

இந்தக் கணக்கை உடைப்பது பெரும்பாலும் மூடை அல்ல, தண்ணீர். குடிதண்ணீர்க் கான் 20 லீற்றர் என்றால் 20 கிலோ. அதை மோட்டார் சைக்கிளில் இருந்து ஒரு பக்கமாகச் சரிந்து இறக்குவது நாரிக்கு மிகக் கெட்ட அசைவு. ஆறு கிழமை தாண்டியதும் 5 லீற்றர்ப் போத்தல்களாக இரண்டு கையிலும் பிரித்து எடுங்கள். கிணற்றில் வெறுங்கயிற்றால் குனிந்து இழுக்காமல், கப்பி போட்டு அரைவாளியாக நிமிர்ந்து நின்று இழுங்கள். மருந்தடிக்கும் 16 லீற்றர் டாங்கி நிரம்பினால் தன் எடையும் சேர்ந்து 20 கிலோவைத் தொடும்; பாதி நிரப்பி, இடுப்பளவு திட்டில் வைத்து முதுகில் மாட்டுங்கள். 50 கிலோ உரமூடை இனித் தனி ஆளின் வேலை இல்லை. லாண்ட்மாஸ்டரின் கைபிடி உதறலும், கிரவல் றோட்டில் மோட்டார் சைக்கிளின் குலுக்கலும் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். பஸ்ஸில் கடைசி ஆசனம் ஆகாது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே இருங்கள், நெடும் பயணத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி நில்லுங்கள்.

பெண்களுக்கு ஓய்வு எழுதிக் கொடுத்தாலும் வீட்டில் அது கிடைப்பதில்லை. நிலத்து அடுப்பை இடுப்பளவு திட்டுக்கு உயர்த்துவதும், ஈர்க்குமாறுக்கு நீளத்தடி கட்டுவதும், குந்தியிருந்து களை பிடுங்குவதையும் கச்சான் ஆய்வதையும் சிறு முக்காலிக்கு மாற்றுவதும் ஒரு நாள் வேலைதான். குந்தும் மலசலகூடத்தில் முதல் கிழமைகளில் கொமட் கதிரை வையுங்கள். மலச்சிக்கல் வராமல் பழமும் தண்ணீரும் கூட எடுங்கள். முக்குவது தும்முவதைப் போலவே டிஸ்க்கை அமத்தும்.

கிளினிக்குக்குக் கொண்டுபோக

கிளினிக் கொப்பி, ஒப்பரேசன் செய்த வார்டில் தந்த நோய் நிர்ணய அட்டை, ஒப்பரேசனுக்கு முந்திய எம்.ஆர்.ஐ. படமும் அறிக்கையும், இப்போது போடும் குளிசைகளின் அட்டைகள். ஒரு தாளில் மனித உருவம் கீறி, நோ ஓடும் பாதையைக் கோடாகவும் விறைப்பைப் புள்ளியாகவும் குறித்து, நோ தொடங்கிய திகதியையும் குதிக்கால் நடை, விரல்நுனிச் சோதனை இரண்டிலும் கண்டதையும் கீழே எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தை மடிக்காமல், வெயிலில் வைக்காமல் மட்டமாக வைத்திருங்கள், சீ.டி. தந்திருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.